உண்டாட்டும் களியாட்டும்: ஒரு சொல் பெற்ற தீர்ப்புகள்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் துறையில் பயின்ற இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், கெடா மாநிலத் தோட்டமொன்றில் அக்காலத்தில் நடைபெற்ற மாரியம்மன் திருவிழாவைப் பற்றி இடுபணி ஒன்றை எழுதி அளித்தார். தம் பாட்டியாரிடம் கேட்டறிந்த செய்திகளைத் தொகுத்து எழுதப்பட்ட அவ்விடுபணியில், திருவிழாவின் மூன்று நாள்களும் களியாட்டமாகக் கழிந்தன என்றொரு தொடர் இடம்பெற்றிருந்தது. நாம் 'களியாட்டம்' என்னும் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'பொருந்தாச் சொல்; கொண்டாட்டம் என்க' என்று ஓரத்தில் எழுதி, மொழிநடைக்குரிய மதிப்பெண்ணில் இரண்டைக் குறைத்தோம். மாணவி வாதிடவில்லை. "பாட்டி சொன்ன சொல்லைத்தான் எழுதினேன், ஐயா" என்று மட்டும் கூறிச் சென்றார்.

அவ்விடை எம்மை விட்டு அகலவில்லை. எமது செவிக்குக் குடிவெறியும் ஒழுக்கக்கேடும் ஒலித்த ஒரு சொல், தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே முதுமையுற்ற ஒரு பெண்மணிக்குத் தம் இளமையின் நல்ல நாள்களைக் குறிக்கும் சொல்லாக இருந்திருக்கிறது. இருவரும் தமிழரே, சொல்லும் ஒன்றே. எனின், எமது செவியில் அத்தீர்ப்பை ஏற்றியவர் யாவர்? அளவுகடந்த நுகர்ச்சியைச் சுட்டத் தமிழில் வழங்கும் சொற்களுள் ஒன்றான களியாட்டம் என்பதன் பொருள் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்வதற்கு அவ்வினாவே தோற்றுவாய். இது சொற்பிறப்பியல் ஆய்வு அன்று. ஒருவருடைய மகிழ்ச்சியை மிகை என்று பெயரிடும் உரிமை காலந்தோறும் யாரிடம் இருந்தது என்பதே எமது நாட்டம்.

கள்ளும் களியும்

களி என்னும் சொல் கள் என்பதன் அடியாகப் பிறந்தது என்பதில் அறிஞரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கள் என்னும் சொல்லோ திராவிட மொழிகளில் பரந்து காணப்படுவது. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மூன்றிலும் சிறு ஒலி வேறுபாட்டோடு அதே பொருளில் வழங்குகிறது. கள்ளுண்டு மயங்குதல் களித்தல், அம்மயக்கம் களி, கள்ளுண்பான் களிமகன். பின்னர் மயக்கம் நீங்கி மகிழ்ச்சி மட்டும் எஞ்சிய நிலையில் களிப்பு, களிகூர்தல் என்னும் வழக்குகள் கிளைத்தன எனலாம்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். குடியிலிருந்து மகிழ்ச்சிக்கு நகர்ந்த சொல் இஃது ஒன்று மட்டுமன்று. இன்று பள்ளிப் பாடநூலிலும் வாழ்த்து அட்டையிலும் குற்றமற்ற சொல்லாக விளங்கும் 'மகிழ்' என்பதும் சங்க இலக்கியத்தில் கள்ளையும் கள்ளால் எய்தும் களிப்பையும் குறித்தது. நாள்மகிழ் இருக்கை என்றால் வேந்தன் காலைப் பொழுதில் கள்ளருந்திப் பரிசிலர் சூழ வீற்றிருக்கும் அவை. திருக்குறளின் 1281ஆம் பாவில் களித்தல், மகிழ்தல் என்னும் இரு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், களித்தல் என்பது உணர்வு அழியாத நிலை, மகிழ்தல் என்பது அவ்வுணர்வு அழிந்த நிலை என்னும் பொருள்பட வேறுபடுத்துகிறார். இன்றைய வழக்குக்கு இது நேர்மாறானது. அவருடைய காலத்து வாசகர் ஒருவர் எம்மிடையே வந்து, 'மகிழ்ச்சியான திருமண நாள் வாழ்த்துகள்' என்னும் தொடரைக் கண்ணுறுவாராயின் சற்றுத் திகைக்கவே செய்வார்.

ஆகவே, ஒரே குடியில் பிறந்த இரு சொற்களுள் ஒன்று மேனிலை எய்தியது. மற்றொன்றின் ஒரு கிளை, அதாவது 'ஆட்டம்' என்பதோடு இணைந்த கிளை, தாழ்வுற்றது. இதற்குச் சொல்லின் பிறப்பு காரணமாக இருத்தல் இயலாது. காரணத்தை வழக்கிலேயே தேட வேண்டும்.

சங்ககாலச் சான்றோர் கள்ளை இழிந்த பொருளாகக் கருதவில்லை என்பது நன்கு அறியப்பட்டதே. நறவு, தேறல், பிழி, மட்டு, தோப்பி, அரியல் என அதற்கு வழங்கிய பெயர்கள் பலவாகும். தெளிந்தது தேறல், பிழிந்தது பிழி, இல்லத்தில் நெல்லைக் கொண்டு ஆக்கியது தோப்பி. பொருளைச் செய்யும் முறையே பெயராகும் அளவிற்கு அது அன்றாட வாழ்வோடு கலந்திருந்தது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் (புறம் 235), அவன் கள்ளைப் பகிர்ந்த முறையை நினைவுகூர்ந்தே தொடங்குகிறது. கள் குறைவாகக் கிடைத்த நாளில் புலவருக்கும், மிகுதியாகக் கிடைத்த நாளில் அனைவருக்குமாக அவன் அதனைப் பயன்படுத்திய பாங்கே அவனுடைய வள்ளன்மைக்கு முதற்சான்றாகிறது. இங்கே அளவு என்பது உண்பவன் வயிற்றைப் பொறுத்ததன்று, பகிர்வைப் பொறுத்தது.

எனினும், அக்காலத்திலேயே ஓர் எச்சரிக்கைக் குரலும் கேட்கிறது. மலையமான் திருமுடிக்காரியைப் பாடும் கபிலர் (புறம் 123), காலையிலேயே கள்ளுண்டு மயங்கிய நிலையில் தேரை வழங்குதல் எவர்க்கும் எளிது என்றும், மலையமான் அருந்தாத வேளையிலும் வழங்குபவன் என்றும் கூறுகிறார். கள்ளை அவர் பழிக்கவில்லை. கள் தரும் வண்மையை மனிதனுடைய வண்மையாக எண்ணி ஏமாறலாகாது என்கிறார். அறக்கண்டனமாகாத இத்தகைய நுண்ணிய மதிப்பீடு பின்னாளில் அரிதாயிற்று.

கண்டனத்தின் குரல் அறநூல்களில் வலுப்பெறுகிறது. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. சமணமும் பௌத்தமும் தமிழகத்தில் வேரூன்றிய சூழலில் இக்குரல் எழுந்தது என்பது பொதுவான கருத்து. ஆயினும் அதே வள்ளுவர் காமத்துப்பாலில் கள்ளை உவமையாக்கத் தயங்கவில்லை. மேலே சுட்டிய 1281ஆம் குறளும், 1090, 1145 ஆகியவையும் கள்ளின் இன்பத்தை அறிந்தவர் மொழியிலேயே பேசுகின்றன. பொருட்பாலில் விலக்கியதை இன்பத்துப்பாலில் அளவுகோலாகக் கொண்டார் என்பதை உரையாசிரியர்கள் முரணாகக் கருதவில்லை. நாமும் கருத வேண்டியதில்லை.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் வரும் களிமகன் காட்சி ஈண்டு நினைக்கத்தக்கது. உண்ணாநோன்பு பூண்ட சமணத் துறவியை வழிமறித்து, தென்னை தரும் தேறலில் கொலை ஏதுமில்லையே, அருந்தினால் என்ன என்று அவன் வாதிடுகிறான். தெருவில் செல்வோர் வேடிக்கை பார்க்கின்றனர். சாத்தனார் பௌத்தச் சார்பினர். கள்ளை விலக்குவது அவருடைய சமயத்தின் ஐந்து ஒழுக்கங்களுள் ஒன்று. அவ்வாறிருந்தும், சமணத்தின் கொல்லாமையை மடக்கும் வினாவை ஒரு குடிகாரனின் வாயில் வைத்து நகைச்சுவையாக்கியுள்ளார். களிமகன் இழிந்தவன்தான், ஆனால் அவனுக்குப் பேச வாய் இருக்கிறது. இதனைப் பின்னர் நினைவுகூர வேண்டிய தேவை வரும்.

உண்டாட்டும் களியாட்டும்

தொல்காப்பியப் புறத்திணையியலில் வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்று உண்டாட்டு. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து மீண்ட மறவர், அவற்றைப் பங்கிட்ட பின்னர்க் கள்ளுண்டு மகிழ்ந்து ஆடுவதை இத்துறை குறிக்கும். பங்கிடுதல், உண்டாடுதல், கொடுத்தல் என்னும் வரிசையில் உண்டாட்டு நடுவில் நிற்பதைக் காணலாம். புறப்பொருள் வெண்பாமாலையும் இத்துறையைப் போற்றிக் கொள்கிறது. உண்டு ஆடுதல் உண்டாட்டு. களித்து ஆடுதல் களியாட்டு. சொல்லமைப்பில் இரண்டும் உடன்பிறந்தவை. பொருளிலும் பெரிய வேறுபாடு இருக்க நியாயமில்லை.

வேறுபாடு எவ்வாறு நுழைந்தது என்பதற்குக் கம்பராமாயணப் பதிப்புகள் தரும் சான்று எமக்குப் பெரிதும் வியப்பளித்தது. பாலகாண்டத்தில், மிதிலைக்குச் செல்லும் தயரதனின் படையும் பரிவாரமும் வழியில் தங்கி, ஆணும் பெண்ணுமாக மதுவுண்டு மயங்கிக் கூடியும் ஊடியும் கழிக்கும் இரவைக் கூறும் படலத்திற்குப் பெயர் உண்டாட்டுப் படலம். யுத்தகாண்டத்தில், பிரமாத்திரத்தால் பகைவர் மாண்டனர் என்று நம்பிய இராவணன் இலங்கையில் நடத்தும் வெற்றி விருந்தைக் கூறும் படலத்திற்குப் பெயர் களியாட்டுப் படலம். இரண்டிலும் மது உண்டு. இரண்டிலும் மகளிர் மயங்குகின்றனர், சொல் குழறுகிறது, ஆடை நெகிழ்கிறது. அயோத்தியார் அருந்தினால் உண்டாட்டு. அரக்கர் அருந்தினால் களியாட்டு!

படலப் பெயர்கள் கம்பர் இட்டவை என்று கொள்ளத் தேவையில்லை. ஏடெழுதியோரும் பதிப்பித்தோரும் இட்டவையாக இருக்கலாம். அவ்வாறாயின் இச்சான்றின் பெறுமதி குறைவதில்லை, கூடுகிறது. ஒரு கவிஞரின் தனிவிருப்பமாக இராமல், தலைமுறை தலைமுறையாகக் காப்பியத்தைப் பயின்றோரின் பொதுவுணர்வு அங்கே பதிவாகியிருக்கிறது என்றாகும். இன்னொன்றையும் கருதுதல் வேண்டும். களியாட்டுப் படலத்தில் அழிவின் நிழல் படர்ந்துள்ளது. மருத்துமலையால் உயிர்பெற்றெழுந்த வானரப் படையின் ஆரவாரம் அரக்கரின் ஆடலிடையே வந்து மோதுகிறது. களிப்பவர் தம் அழிவை அறியாது களிக்கின்றனர். களியாட்டம் என்னும் சொல்லில் இன்றும் ஒலிக்கும் அந்த 'வரப்போவதை அறியாமை' இங்கேயே புகுந்திருத்தல் கூடும் என்பது எமது கருத்து. மெய்ப்பிக்க இயலாத கருத்துதான்.

பக்தி மரபு இச்சொற்குடும்பத்தை வேறு திசையில் கொண்டு சென்றது. இறையனுபவத்தைக் கள்ளுண்ட நிலையாகக் கூறும் வழக்கால் களிப்பு தூய்மை பெற்றது. தாயுமானவரும் கடுவெளிச் சித்தரும் பாடிய ஆனந்தக் களிப்பு என்னும் பாவகையின் பெயரே இதற்குப் போதிய சான்று. அங்கும் 'ஆட்டம்' இணையவில்லை என்பதை மட்டும் குறித்து மேற்செல்வோம்.

கேரளத்தின் வடபகுதியில் நிகழ்ந்தது முற்றிலும் வேறு. மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு, கூத்து. கதகளி என்னும் பெயரில் உள்ளது அதுவே. வடமலபாரில் தெய்யம் கட்டியாடும் கோயில் விழாவிற்குக் களியாட்டம் என்றே பெயர். நீண்ட ஆண்டுகள் இடைவெளிவிட்டு நடைபெறுவது பெருங்களியாட்டம். தெய்யக் கோலத்திற்கும் கள்ளுக்கும் உறவு உண்டு. பல தெய்வங்களுக்குக் கள் படையற்பொருள். எனினும் அங்கு அச்சொல்லை எவரும் இழிசொல்லாகக் கருதுவதில்லை. இலங்கைத் தமிழிலும் களியாட்ட விழா என்பது ராட்டினமும் விளையாட்டுக் கடைகளும் நிறைந்த பொதுவிழாவைக் குறிக்கும் இயல்பான வழக்கு. எம் மாணவியின் பாட்டியார் கையாண்ட பொருளுக்கு இவ்விரு வழக்குகளும் மிக அண்மையில் உள்ளன. அவருடைய முன்னோர் எவ்வூரினர் என்பதை நாம் அறியோம். மலாயாத் தோட்டங்களில் தமிழரும் மலையாளிகளும் அடுத்தடுத்த லயங்களில் வாழ்ந்தனர் என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம்.

திருமறைத் திருப்புதலில்

களியாட்டு என்னும் சொல்லின் மேல் அறத்தீர்ப்பு இறுகியதில் கிறித்தவத் திருமறையின் தமிழாக்கத்திற்கு உரிய பங்கு போதிய அளவு ஆராயப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாகி இன்றளவும் சீர்திருத்தத் திருச்சபையினரிடையே பரவலாக வழங்கும் பழைய திருப்புதலில், பவுலடிகள் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், விலக்க வேண்டிய செயல்களின் பட்டியலில், வெறிகளை அடுத்துக் களியாட்டுகள் இடம்பெறுகின்றன. உரோமருக்கு எழுதியதிலும் பேதுருவின் முதல் நிருபத்திலும் அதே சொல் வருகிறது. மூன்றிடத்தும் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் கோமோஸ் என்பது. பண்டைக் கிரேக்கத்தில் அது மதுவின் தெய்வமான தியோனிசோசுக்குரிய விழாவில், மாலை சூடி, பாடியாடி, தெருவில் செல்லும் கூட்டத்தைக் குறித்தது. இன்பியல் நாடகத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் இதிலிருந்தே கிளைத்தது என்பர். அதாவது, கிரேக்கத்தில் வழிபாட்டோடு இணைந்த ஒரு விழாச்சொல் பவுலடிகளின் கையில் பாவப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு இணையாகத் தெரிவு செய்யப்பட்ட தமிழ்ச்சொல்லும் அதே பட்டியலில் சேர்ந்தது. மொழிபெயர்ப்பாளர்களின் தெரிவு துல்லியமானது என்பதில் ஐயமில்லை. துல்லியமாக இருந்தமையாலேயே விளைவு கடுமையாயிற்று.

உடன்வரும் 'வெறி' என்னும் சொல்லும் அவ்வாறே. சங்க இலக்கியத்தில் வெறி என்பது மணம்; வேலன் முருகேறி ஆடும் வெறியாட்டு. பின்னர் அது குடிமயக்கம் ஆயிற்று. யாழ்ப்பாணத்தார் குடிகாரரை வெறிக்குட்டி என்பது இதன் தொடர்ச்சி. கூத்து என்பதும் தப்பவில்லை. கூத்தடித்தல் என்றால் இன்று என்ன பொருள் என்று எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெறியாட்டு, கூத்து, களியாட்டு ஆகிய மூன்றும் சிற்றூர் மக்களின் ஆடலோடு தொடர்புடையவை. ஆடியவர்களின் சமூகநிலையும் இச்சொற்களின் வீழ்ச்சியும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று நாம் கருத இயலவில்லை. வடமொழி வழிவந்த கேளிக்கைக்குக் கிடைத்த வாழ்வோடு இதனை ஒப்பிடலாம். தமிழகத்தில் அது வரிவிதிப்புக்குரிய சட்டச்சொல்லாகக் கேளிக்கை வரி என்று மதிப்புடன் அமர்ந்தது. எம் நாட்டு நாளிதழ்களிலோ, இரவு விடுதிகளில் நடைபெறும் அதிரடிச் சோதனைகளைப் பற்றிய செய்திகளில் கேளிக்கை மையம் என்று தலைப்பிடப்பட்டு, அதுவும் இப்பொழுது மெல்லச் சரிந்து வருகிறது.

தோட்டத்துக் கள்ளுக்கடை

இனி எம் மண்ணுக்கு வருவோம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைப் பாடும் உருத்திரங்கண்ணனார், கள் விற்கும் இடத்தில் பறக்கும் கொடியையும் தவறாது குறிக்கிறார். அதே பாட்டில் அந்நகரில் வந்திறங்கிய பொருள்களிடையே காழகத்தின் ஆக்கமும் கூறப்படுகிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கூறுவார். கடாரம் இன்றைய கெடா. அந்தக் கெடாவிலேயே, கள்ளுக்கடையின் முன் தமிழர் திரண்டு அதனை மூடுமாறு முழங்கிய நிகழ்ச்சி 1947இல் நடந்தது.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது தகும். தென்னம்பாளையைச் சீவி இறக்கும் சாறு இறக்கிய சில மணி நேரத்திலேயே தானாகப் புளித்துக் கள்ளாகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைப்படும். எனவே கள் நெடுந்தொலைவு கொண்டு செல்வதற்கோ பல நாள் சேர்த்து வைப்பதற்கோ ஏற்றதன்று. இறக்கிய நாளிலேயே, இறக்கிய இடத்துக்கு அருகிலேயே விற்றாக வேண்டும். நகரங்களில் அரசாங்கக் கள்ளுக்கடைகளும் தோட்டங்களில் உரிமம் பெற்ற கடைகளும் இருந்தன. தோட்டத்துக் கடை பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கண்காணிப்பிலேயே நடந்தது. காலையில் துரை கொடுத்த கூலியின் ஒரு பகுதி மாலையில் துரையின் எல்லைக்குள்ளேயே திரும்பி வந்தது எனலாம். பல தோட்டங்களில் கள்ளுக்கடை இலாபத்தின் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கென ஒதுக்கப்பட்டு, விளையாட்டுக்கும் விழாவுக்கும் செலவிடப்பட்டது. குடித்தவன் காசில் அம்மனுக்குத் தேரோட்டம். அத்தேரோட்டத்தன்று மேலும் குடி. இவ்வட்டத்தை வடிவமைத்தவர் தொழிலாளர் அல்லர்.

கள் தொழிலாளியின் உடலுக்கு நல்லது, அவனுடைய ஊர்ப்பழக்கம், அதைத் தடுத்தால் அவன் கள்ளச்சாராயத்திற்குப் போவான் என்னும் வாதங்கள் தோட்ட முதலாளிகள் தரப்பில் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டன. அதே வேளையில், தமிழ்க் கூலி குடியால் கெட்டவன், சோம்பேறி, சேமிப்பறியாதவன் என்னும் சித்திரமும் அதே தரப்பிலிருந்தே வந்தது. கடையைத் திறந்து வைத்தவரும் குடிக்கிறான் என்று குறைகூறியவரும் ஒருவரே. மாலை வேளைகளில் துரைமார் தம் கிளப்புகளில் அருந்தியதற்கு வேறு பெயர் இருந்தது. விஸ்கியும் சோடாவும் பாதிப்பாதியாகக் கலந்த குவளைக்கு, பாதி என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லைத் தழுவி 'ஸ்தெங்கா' என்று செல்லப்பெயர் இட்டனர். கோலாலம்பூரில் 1884இல் நிறுவப்பட்ட சிலாங்கூர் கிளப்பின் வரலாற்றை எழுதுவோர் அங்கு நிகழ்ந்த குடியை நட்புறவு என்றே எழுதுவர். உண்டாட்டுப் படலமும் களியாட்டுப் படலமும் எமக்கு மீண்டும் நினைவுக்கு வருகின்றன.

இவ்விடத்தில் எம் சமூகத்துப் படித்தவர்களும் தப்புவதற்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நாட்டுத் தமிழிதழ்களும் சீர்திருத்தச் சங்கங்களும் மதுவிலக்கை முழங்கியமை பெரும்பணியே. ஆயினும் அவ்வெழுத்துகளிற் பல, தொழிலாளியைத் திருத்தப்பட வேண்டியவனாக மட்டுமே கண்டன. காவடியும் கரகமும் தப்பும் கள்ளும் ஒரே மூச்சில் கண்டிக்கப்பட்டன. அனைத்துக்கும் களியாட்டம் என்னும் ஒரே பெயர் போதுமானதாயிற்று. குடியை மட்டும் கண்டித்திருந்தால் நியாயம். ஆடலும் உடன்சேர்ந்து குற்றமாயிற்று. நாம் சிவப்பு மையை எடுத்தபோது எம் கையைப் பிடித்து எழுதியது இம்மரபே என்று இப்பொழுது தோன்றுகிறது.

தொழிலாளர் தாமே பேசியபோது இரண்டையும் குழப்பவில்லை. 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் இதற்குத் தலைசிறந்த சான்று. ஆர். எச். நாதன், ஒய். கே. மேனோன் ஆகியோர் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, துரைமார் முன்னிலையிலும் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இடம்பெற்றது. மிதிவண்டியும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில் இருப்பது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இரண்டும் மானம் பற்றியவை. எங்களைத் திருத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் வாசலில் நீங்கள் வைத்துள்ளதை எடுத்துச் செல்லுங்கள் என்றார்கள். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவிற்கு நாடுகடத்தப்பட்டார்.

போருக்குப் பின்னர் கெடாவில் எழுந்த தொண்டர் படை இன்னும் ஒருபடி சென்றது. பீடோங் அருகிலுள்ள ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் இயங்கிய இவ்வமைப்பில் இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்றோர் பலர் இருந்தனர். அணிவகுத்தல், கட்டுப்பாடு, தோட்டத்துப் பூசல்களைத் தாமே தீர்த்தல், மதுவிலக்கு ஆகியவை அவர்களுடைய நெறிகள். குடித்தவரைத் தாமே தண்டிக்கவும் முற்பட்டனர். அதில் கடுமை இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. 1947 பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் கள்ளுக்கடை மறியல்கள் காவல்துறையுடன் மோதலாக முற்றின. கைதுகளும் சிறைத்தண்டனைகளும் தொடர்ந்தன. தமிழன் இயல்பாகவே குடிகாரன் என்று எழுதியவர்களுக்கு, கள்ளுக்கடையை மூடச்சொல்லித் தடியடி வாங்கிய தமிழனை எவ்வாறு விளக்குவது என்று தெரியவில்லை. ஆகவே அதனை அரசியல் குழப்பம் என்று பெயரிட்டுக் கோப்பை மூடினர். சாத்தனார் களிமகனுக்குக் கொடுத்த வாயைக்கூட இவர்களுக்குக் கொடுக்க அக்காலத்து ஆவணங்கள் முன்வரவில்லை.

இவ்வளவும் படித்து முடித்த பின்னரே அம்மாணவியை மீண்டும் அழைத்து, அவருடைய பாட்டியாரைக் காண இயலுமா என்று கேட்டோம். விடுமுறை ஒன்றில் சுங்கைப்பட்டாணிக்கு அருகில் மகன் வீட்டில் வாழ்ந்த அவரைச் சென்று கண்டோம். எண்பதைக் கடந்தவர். 1947இல் சிறுமியாக இருந்தவர். பக்கத்துத் தோட்டத்தார் கொடி பிடித்துச் சென்றதை ஓரளவு நினைவில் வைத்திருந்தார். களியாட்டம் என்றால் என்ன என்று கேட்டோம். திருவிழாவின்போது வெளியூரிலிருந்து கூத்துக்காரர் வருவர் என்றும், மூன்றாம் நாள் இரவு மட்டும் பெண்களும் விடியும்வரை வெளியில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கலாம் என்றும், மறுநாள் பால்வெட்டுக்குப் பிரட்டு எடுக்கும் நேரத்தில் எல்லாருடைய கண்ணும் சிவந்திருக்கும் என்றும் சொல்லிச் சிரித்தார். "அதுதான் தம்பி களியாட்டம். வருஷத்துல அந்த ஒரு ராத்திரிதானே நமக்கு."

கள்ளுக்கடையில் நடந்ததற்கும் அதே பெயர்தானா என்று கேட்டோம். அவர் முகம் மாறிற்று. "அதுக்கென்ன பேரு வேண்டிக் கெடக்கு? குடிச்சுட்டு வந்து அடிக்கிறது" என்றார். அவருடைய தந்தையாரைப் பற்றி மேலும் வினவ எமக்கு மனமில்லை.

மாணவியின் இடுபணிக்குக் குறைத்த இரண்டு மதிப்பெண்ணைத் திரும்ப அளிக்க முயன்றோம். அப்பருவத்தின் தேர்வு முடிவுகள் முன்னரே உறுதி செய்யப்பட்டுவிட்டன என்று அலுவலகத்தார் தெரிவித்தனர். துறை நூலகத்தில் உள்ள அவ்விடுபணியின் படியில், வட்டத்தின் அருகே நாம் எழுதியிருந்ததை மட்டும் அடித்துவிட்டு, 'சொல் சரி' என்று எழுதிக் கையொப்பமிட்டு வைத்துள்ளோம்.